கூடைக் கயிறும் குதிரை முதுகும்

முகம் கழுவுவதற்காகக் கண்ணை மூடினேன். அடுத்து எனக்குத் தெரிந்தது பீலிக்கரைக் கல்லின் குளிர்ச்சியும், நெற்றியிலிருந்து வழிந்து வாய்க்குள் வந்த இரத்தத்தின் உப்பும்தான். கால் வழுக்கவில்லை. மயக்கம் வரவில்லை. யாரும் தள்ளவில்லை. கண்ணை மூடினேன், விழுந்தேன், அவ்வளவுதான்.

மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழும் இடத்தைத்தான் நாங்கள் பீலி என்போம். அங்கே குடத்தோடு நின்ற பெண்கள் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். "ஊசி போட்ட ஒடம்பு, பலவீனமாத்தான் இருக்கும். முட்டை கிட்டை சாப்பிடு" என்றார்கள். நானும் பலவீனம் என்றுதான் நினைத்தேன்.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நடந்தது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே, தேயிலையும் றப்பரும் கலந்த ஒரு தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். என் பெயர் பூமணி. சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள். வாய் கொஞ்சம் நீளம் என்று லயத்தில், எங்கள் தொழிலாளர் வரிசை வீடுகளில், பெயர் எடுத்தவள். என் வீட்டுக்காரருக்குத் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் வேலை.

அந்த வருடம் எனக்குக் காசநோய் வந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் (அந்நாளில் காசநோய்க்குப் போட்ட ஊசி மருந்து) தினமும் போட்டார்கள். நோய் தொற்றிவிடும் என்பதால், ஒரு வயதுகூட ஆகாத என் மகள் தேவிகாவை குருவிட்டைப் பக்கம் றப்பர் தோட்டத்தில் இருந்த நாத்தனார் கொண்டுபோய் வளர்த்தார். என் வீட்டுக்காரரின் அக்கா அவர், பெயர் சரோஜா. அவருக்குப் பிள்ளை இல்லை. பால் கட்டிய மார்போடு நான் பஸ் போன திசையைப் பார்த்து நின்றேன். சுகமானதும் வந்துவிடுவாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

சுகமானது. சளியில் கிருமி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நாத்தனார் பிள்ளையைக் கொண்டுவந்தார். எங்கள் லயத்துக்கு அப்போது கரண்ட் வரவில்லை. விளக்கு வைக்கும் நேரம். தேவிகாவை இடுப்பில் வைத்துக்கொண்டு குப்பி லாம்போடு வாசலுக்கு வந்தேன். காற்றில் லாம்பு அணைந்தது. அந்த இருட்டில் தரை எந்தப் பக்கம் இருக்கிறது என்று என் உடம்புக்குத் தெரியவில்லை. பிள்ளையோடு சேர்ந்து வாசற்படியில் விழுந்தேன். அவள் புருவத்துக்கு மேல் கிழிந்தது. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது.

நாத்தனார் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பேன். பிள்ளையின் நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டு அமைதியாகச் சொன்னார்.

"பூமணி, நான் கோவத்துல சொல்லல. நீ நிதானமா நிக்கிறதுக்கே சுவர புடிக்கிற. பிள்ளைய சுமந்துக்கிட்டு என்னைக்கு குறுக்கால எறங்கிக் காட்டுறியோ, அன்னைக்கு நானே விட்டுட்டுப் போறேன்."

குறுக்கு என்பது பஸ் ரோட்டிலிருந்து லயத்துக்கு இறங்கும் பாதை. தேயிலைக்கு நடுவே மண்ணில் வெட்டிய செங்குத்தான படிகள். பாதி வழியில் ஒரு கான், அதாவது மழைத்தண்ணீர் ஓடுவதற்கு ஆளுயரத்துக்கு வெட்டிய வாய்க்கால். அதன்மேல் ஒற்றைக் கல் பாலம். சின்ன வயதில் அதில் நான் ஓடியே இறங்குவேன். இப்போது உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். மறுநாள் காலை என் மகள் மறுபடியும் குருவிட்டைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. நடந்தால் எதிரே இருக்கும் மரமும் மனிதர்களும் துள்ளினார்கள். பிரட்டுக்களத்தில், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்தில், எல்லார் முன்னாலும் நான் தள்ளாடியதைப் பார்த்து, வேலையை மேற்பார்க்கும் கங்காணி சிரித்தார்.

"என்னா பூமணி, விடியக்காலையிலயே ஊத்திக்கிட்டியா?"

கூட்டம் சிரித்தது. கசிப்பு குடிக்கிறாள் என்ற பேச்சு லயம் முழுவதும் போய், குருவிட்டை வரைக்கும் போனது. எனக்கு வந்த ஆத்திரத்தில் கங்காணியின் தடியைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பேன். நேராக அவரிடம் நடந்துபோக முடிந்திருந்தால்!

என் வீட்டுக்காரர்தான் கேகாலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டொக்டர் சிங்களத்தில் பேசினார். எங்கள் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு அது வேற்று மொழி இல்லை. இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். அவர் கையிலேயே விழுந்தேன்.

வெஸ்டிபுலர் உறுப்பு (உட்காதில் இருந்துகொண்டு, தலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று மூளைக்குச் சொல்லும் நுண்ணிய பகுதி) இரண்டு காதிலும் கெட்டுப்போயிருக்கிறது என்றார். அந்த ஊசி சிலருக்கு அப்படிச் செய்யுமாம். அதனால்தான் எதிரில் உள்ளதெல்லாம் துள்ளுகிறதாம். இதற்கு ஒஸிலோப்சியா (தலை அசையும்போது பார்வையும் சேர்ந்து ஆடுவது) என்று பெயர் சொன்னார்.

"எப்ப சரியாகும் டொக்டர்?"

"அந்த உறுப்பு திரும்ப வராது. அந்த ஊசி இல்லாட்டி நீங்க உயிரோட இருந்திருக்க மாட்டீங்க. ஆனா மத்த உறுப்புகள் அதோட வேலைய பழகிக்கிடும். பழக்கணும்."

வராது என்ற சொல் மட்டும்தான் எனக்குக் கேட்டது. வெளியே வாங்கில் உட்கார்ந்து அழுதேன். குடிகாரி இல்லை என்று தெரிந்ததில் ஒரு பக்கம் ஆறுதலும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் அழுதேன்.

டொக்டர் என்னை பிசியோதெரபி (உடற்பயிற்சியால் செய்யும் சிகிச்சை) பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த மிஸ் என்னைவிட இளையவர். ஒரு புள்ளியைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் திருப்பப் பழக்கினார். பஞ்சு மெத்தையில் நிற்க வைத்தார். மாதங்கள் போயின. சமதரையில் கொஞ்சம் முன்னேறினேன். சரிவில் இல்லை. குறுக்கைப் பற்றியும் நாத்தனார் சொன்னதைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"வெளிநாட்டுல இப்படி ஆக்கள குதிரையில ஏத்தி பழக்குறாங்க. குதிரை நடக்கும்போது, நாங்க நடக்கிற மாதிரியே எங்கட இடுப்பு அசையும். அந்த அசைவுல நிமிர்ந்து உக்காரப் பழகினா, பிறகு சரிவுலயும் உடம்பு நிக்கும். இங்க குதிரைக்கு எங்க போறது?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு பங்களாவில் வேலை என்று சொன்னேனே, அது குதிரை பார்க்கிற வேலை.

துரையின் மகள் ஏறிப் பழகுவதற்காக, நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த ஒரு பெட்டைக் குதிரையை வாங்கி வைத்திருந்தார்கள். பெயர் டெய்சி. அந்தப் பிள்ளை படிக்கக் கொழும்புக்குப் போன பிறகு டெய்சி தின்று கொழுத்துக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் துரையிடம் கேட்கப் பயந்தார். நான்தான் பிடிவாதமாகத் துரத்தினேன். துரை, "குதிரைக்கும் நடை வேணும். ஆனா அவ விழுந்தா என்கிட்ட வரக்கூடாது" என்றாராம்.

மிஸ் மூன்று விதிகள் சொன்னார்: ஓட்டமில்லாமல் நடை மட்டும்தான், ஒருவர் குதிரையைப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் என் பக்கத்திலேயே நடக்க வேண்டும். இதை வாசிக்கிறவர்கள் யாராவது குதிரை தேடிப் போவதானால், வைத்தியரைக் கேட்காமல் போகாதீர்கள். கேட்டுத்தான் நான் ஏறினேன், அப்படியும் விழுந்தேன்.

பங்களாவுக்குப் பின்னால் பழைய டென்னிஸ் கோர்ட் ஒன்று புல் மண்டிக் கிடந்தது. தரையை மட்டமாக்க ஒரு காலத்தில் இழுத்த கல்லுருளைமேல் ஏறி நின்று, அங்கிருந்து குதிரைமேல் ஏறினேன். வீட்டுக்காரரின் கால்சட்டை, அதன்மேல் கொழுந்து பறிக்கும்போது கட்டும் படங்குச் சாக்கு. பக்கத்தில் நடக்க வந்தவர் பங்களா தோட்டக்காரர் செபஸ்தியான் அண்ணன். என் கோலத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"சலாமுங்க துரைசாணி. எஸ்டேட்ட எப்ப பார்வையிட வாறீங்க?"

அன்றிலிருந்து லயத்தில் எனக்குத் துரைசாணி, அதாவது துரையின் மனைவி, என்றே பெயர். குடிகாரி என்பதற்கு அது எவ்வளவோ மேல் என்று விட்டுவிட்டேன்.

குதிரை ஓர் அடி எடுத்து வைத்ததும் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது. உயரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் எனக்குக் கீழே இருந்தது உயிருள்ள தரை. அது இடமும் வலமும் முன்னும் பின்னும் போனது. டெய்சியின் இரண்டு காதும் நாலாகத் தெரிந்தன. பிடரி மயிரை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன்.

காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்க்கோட்டில் இருக்க வேண்டும் என்று மிஸ் சொல்லி அனுப்பியிருந்தார். குதிகால் கீழே அழுந்த வேண்டும். பார்வை குதிரையின் இரண்டு காதுக்கும் நடுவே தூரத்தில் இருக்க வேண்டும். சொல்வது எளிது. எந்த நேரமும் என் தலை முன்னால் போய் நின்றது. தலை போன வழியில் தோளும் போனது. குதிகால் மேலே எழும்பியது.

"முன்னுக்குச் சாயாத!" என்று கயிற்றைப் பிடித்தபடி வீட்டுக்காரர் கத்துவார்.

"நான் எங்கங்க சாயிறேன்? நேராத்தான் இருக்கேன்."

"நேராவா? குதிரை காதுல ரகசியம் சொல்ற மாதிரி இருக்க!"

சாய்கிறேன் என்று எனக்கே தெரியாததுதான் கொடுமை. என் உடம்பு அதுதான் நேர் என்று சத்தியம் செய்தது. கணவனிடம் எதையும் கற்றுக்கொள்ளாதீர்கள் என்று பெண்களுக்குச் சொல்வேன். அவர் கத்த, நான் கத்த, டெய்சி எங்கள் இருவரையும் பார்த்துக் காதை மடக்கும்.

ஒரு நாள் அது திடீரென்று நின்று புல்லைக் கடிக்கக் குனிந்தது. நான் அதன் கழுத்து வழியாகச் சறுக்கித் தலைகீழாக விழுந்தேன். செபஸ்தியான் அண்ணன் "மாதாவே" என்று என் படங்கைப் பிடித்ததால் கழுத்து தப்பியது, தோள் பிசகியது. வீட்டுக்காரர் வெளுத்துப்போய் நின்றார்.

"போதும் பூமணி. பிள்ளை அக்காகிட்டயே இருக்கட்டும். நல்லாத்தான பாத்துக்கிறாங்க. எனக்கு நீயாவது வேணும்."

அன்பில்தான் சொன்னார். எனக்கு அது சாட்டையடியாக விழுந்தது. அதற்குப் பிறகு நான் அவரோடு சரியாகப் பேசவில்லை.

தோள் ஆறியதும் குருவிட்டைக்குப் போனோம். யுத்த காலம் என்பதால் அவிசாவளையில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். வரிசையில் நடக்கும்போது நான் தள்ளாடினேன். பொலிஸ்காரர் என்னைத் தனியாக நிறுத்தி, "பீலாத?" என்று கேட்டார், குடித்திருக்கிறாயா என்று. "நே சேர், அசனீபய்" என்று வீட்டுக்காரர் கெஞ்சினார். சுகமில்லாதவள் என்று அவர்கள் நம்பி விடும்வரை, நான் தலையைக் குனிந்து என் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

குருவிட்டையில் தேவிகா நாத்தனாரின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். நான் கையை நீட்டினேன். அவள் நாத்தனாரை "அம்மா" என்று கூப்பிட்டு அழுதாள். நாத்தனார் என்னைப் பார்க்க முடியாமல் வேறு பக்கம் திரும்பினார். "நான் சொல்லிக் குடுக்கல பூமணி. அதுவா கூப்பிடுது" என்றார். அது உண்மை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். என் பிள்ளைக்குச் சோறு ஊட்டிய கையை வெறுத்தேன்.

திரும்பி வந்ததும் வீம்புக்கு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனேன். கங்காணி என்ன நினைத்தாரோ, ரோட்டோரமாக ஒரு சமமான இடத்தில் பறிப்பதற்கு ஒரு நிரை, அதாவது ஒரு வரிசைச் செடிகள், கொடுத்தார். எங்கள் கூடையைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது முதுகில் தொங்கும். அதன் கயிறு உச்சந்தலையில் பதிந்திருக்கும். பாரம் ஏற ஏற கயிறு தலையைப் பின்னால் இழுக்கும். அந்த இழுப்புக்கு எதிராகத் தலையை முன்னால் தள்ளிக்கொண்டே நாள் முழுவதும் நடப்போம்.

கூடை நிறைந்ததும் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு நடந்தேன். நிறுத்துக் கொட்டிவிட்டு வெறுங்கூடையோடு திரும்பியபோது, பின்னால் கங்காணியின் குரல் கேட்டது.

"இதென்னாடி அதிசயம்! பாரத்தோட வரும்போது நேரா வந்தா. இப்ப எறக்கி வச்சதும் ஆடுறா!"

அவர் கேலியாகத்தான் சொன்னார். நான் அப்படியே நின்றுவிட்டேன். வரும்போது நான் ஆடவில்லை. மரங்கள்கூட அவ்வளவாகத் துள்ளவில்லை.

அன்று மாலை முழுவதும் அதையே நினைத்தேன். பதினெட்டு வயதிலிருந்து என் தலை கயிற்றுக்கு எதிராக முன்னால் தள்ளியே பழகியது. கயிறு இழுக்கும், நான் தள்ளுவேன், இரண்டுக்கும் நடுவில்தான் என் நேர். டெய்சியின் முதுகில் கயிறு இல்லை. ஆனால் தலை தள்ளிக்கொண்டே இருந்தது. முன்பு காது இருந்தது, தவறைத் திருத்தியது. இப்போது அதுவும் இல்லை.

மறுநாள் டென்னிஸ் கோர்ட்டுக்குக் கூடையோடு போனேன். உள்ளே நிறைய ஈரப்புல்.

"குதிரையில ஏறி கொழுந்து பறிக்கப் போறியா?" என்றார் வீட்டுக்காரர். நெடுநாளைக்குப் பிறகு என்னிடம் வேடிக்கையாகப் பேசினார்.

கூடையைப் பார்த்து டெய்சி இரண்டு முறை மிரண்டது. மோந்து பார்க்க விட்டோம். உள்ளேயிருந்த புல்லைக் கொஞ்சம் தின்றதும் சமாதானமாகிவிட்டது. கூடையின் அடி சேணத்தில் இடிக்காதபடி கயிற்றைச் சுருக்கிக் கட்டிக்கொண்டு ஏறினேன். குதிரை நடந்தது. கயிறு என் உச்சந்தலையைப் பின்னால் இழுத்தது. தோள் தானாகப் பின்னால் வந்தது. இடுப்புக்குமேல் முதுகு வந்து உட்கார்ந்தது. குதிகால் கீழே இறங்கியது. டெய்சிக்கு இரண்டு காதுதான் இருந்தன.

ஒரு சுற்று முடிந்தது. யாரும் கத்தவில்லை. இரண்டாவது சுற்றில் செபஸ்தியான் அண்ணன் என் படங்கைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் கண் மறைக்கும், கண் மறைத்தால் விழுவேன் என்று அடக்கிக்கொண்டேன்.

மிஸ்ஸிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தார். பிறகு என்னைக் கூடையோடு நடக்க வைத்து, கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். புரோப்ரியோசெப்ஷன் (கண்ணால் பார்க்காமலே உடம்பு எந்த நிலையில் இருக்கிறது என்று தசைகளும் மூட்டுகளும் அறிவது) என்று ஒன்று உண்டு. உங்கள் கழுத்தில் அது நன்றாகப் பழகியிருக்கிறது, கயிறு அதை எழுப்பிவிடுகிறது என்றார். ஆனால் எச்சரிக்கவும் செய்தார்.

"இது ஊன்றுகோல் மாதிரி பூமணி. தலையில வச்ச ஊன்றுகோல். எந்நாளும் கூடையோட இருக்க ஏலாது. பாரத்த கொஞ்சம் கொஞ்சமா குறைங்க. கழுத்து மறக்காம இருக்கணும். இன்னொன்னு, நடக்கும்போது கால பாக்க வேணாம். ஓடுற தண்ணிய பாக்கவே வேணாம். கண்ண நம்புற ஆக்கள ஓடுற தண்ணி விழுத்திரும்."

குறைத்தோம். முதலில் நிறைகூடை ஈரப்புல். பிறகு அரைக்கூடை. பிறகு காய்ந்த புல். பிறகு வெறுங்கூடை. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் தலை மறுபடி முன்னால் ஓடும். வீட்டுக்காரர் கத்தாமல் ஒரே வார்த்தை சொல்வார்: "கயிறு." இல்லாத பாரத்தை இருப்பதாக நினைத்துத் தலையைப் பின்னால் கொண்டுவருவேன். பார்வைக்கு ஓர் இடம் வைத்துக்கொண்டேன், பள்ளத்தில், குறுக்கிலிருந்தும் தெரியும் தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரை. கடைசியில் கயிற்றை மட்டும் தலையில் சுற்றிக்கொண்டு ஏறினேன். ஒரு நாள் அதையும் கல்லுருளைமேல் கழற்றி வைத்தேன்.

அன்றுதான் கொழுந்து லொறி பங்களாத் திருப்பத்தில் பெரும் சத்தத்தோடு ஹோர்ன் அடித்தது. டெய்சி பந்தயக் குதிரையாக இருந்த நாளை நினைத்துக்கொண்டது போல எகிறியது. குதிரையின் கயிறு வீட்டுக்காரரின் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. பிடரியைப் பிடிக்கக் குனியாதே, குனிந்தால் போனாய் என்று எனக்கு நானே சொன்னேன். தலையைப் பின்னால் வைத்தேன். குதிகாலை அழுத்தினேன். தகரக் கூரை மேலும் கீழும் போனது, ஆனாலும் அதை விடவில்லை. கோர்ட்டின் மறுமுனையில் வேலி வந்ததும் டெய்சி தானாகவே நின்றது.

வீட்டுக்காரர் ஓடி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டார். "விழல. நீ விழல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

"அக்காவுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றேன்.

நாத்தனார் வந்த நாள் பகல் முழுவதும் மழை. பஸ் ரோட்டில் நானும் வீட்டுக்காரரும் காத்திருந்தோம். தேவிகாவுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. நாத்தனார் அவளை என் பக்கமாக நகர்த்தினார். அவள் வரவில்லை. "நான் நடப்பேன்" என்றாள். சுமக்கப் பழகிக்கொண்டு நான் வந்து நிற்கிறேன், பிள்ளைக்கு நடக்கத் தெரிந்துவிட்டது. நாத்தனார் என்னைப் பார்த்தார். அவர் சொன்ன வார்த்தை அவருக்கும் மறக்கவில்லை.

அவள் முன்னால் படி படியாக இறங்கினாள், நான் அவளுக்குப் பின்னால், எனக்குப் பின்னால் மற்ற இருவரும். மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. கானை நெருங்கியபோது பின்னால் அலறல் கேட்டது. நாத்தனார் சறுக்கி, ஒரு தேயிலைச் செடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பிசகிவிட்டது. வீட்டுக்காரர் அவரைத் தாங்கினார்.

தேவிகா கானின் விளிம்பில் நின்றாள். கல் பாலத்தின்மேல் செந்தண்ணீர் புரண்டு ஓடியது. அவள் மேலே பார்த்து, "அம்மா!" என்று கத்தினாள். என்னை அல்ல.

நாத்தனார் எழுந்திருக்க முயன்றார், முடியவில்லை. அவர் முகத்தில் மழையோ கண்ணீரோ, எனக்குத் தெரியாது.

"தேவி, அங்க பாரு. அம்மா அங்க நிக்கிறாங்க. அம்மாகிட்ட போ."

அந்த வார்த்தையைச் சொல்ல அவர் எதை இழக்க வேண்டியிருந்தது என்று இப்போது எனக்குத் தெரிகிறது. தேவிகா என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் உயர்த்தினாள்.

"தூக்கு."

நான் திரும்பி உட்கார்ந்து, "முதுகுல ஏறு கண்ணு" என்றேன். ஏறினாள். எழுந்து நின்றேன். தகரக் கூரையைத் தேடினேன். பனி அதை விழுங்கியிருந்தது. எதிரே வெள்ளை, கீழே ஓடுகிற தண்ணீர். பார்க்க ஒன்றும் இல்லை. என் கால் முதல் அடிக்கே மறுத்தது. வாசற்படியும் அவள் நெற்றி இரத்தமும் நினைவுக்கு வந்தன. இந்த முறை விழுந்தால் இருவரும் கானோடு போய்விடுவோம்.

அப்போது பயத்தில் அவள் இரண்டு கையாலும் என் உச்சந்தலை முடியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். கயிறு பதியும் அதே இடம்.

தலை பின்னால் வந்தது. தோள் வந்தது. இடுப்பு இளகியது. "நல்லா புடி, விடாத" என்றேன். கண்ணை வெள்ளையில் வைத்துக்கொண்டு, டெய்சி நடப்பதுபோல மெதுவாக அடி வைத்தேன். கல் காலுக்குக் கீழே இருந்தது. அடுத்த அடிக்கும் இருந்தது. பிறகு மண் வந்தது. அதன் பிறகும் நான் நிற்கவில்லை. லயத்து வாசல் வரைக்கும் அவளை இறக்கவில்லை.

நாத்தனார் கால் வீக்கம் வடியும்வரை எங்களோடு இருந்தார். போகும்போது சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பஸ்ஸில் ஏறியதும் அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. பால் கட்டிய மார்போடு நான் நின்ற அதே இடத்தில் நின்று அவரை வழியனுப்பினேன். வெறுப்பெல்லாம் அங்கேயே கழன்றுவிட்டது. தேவிகா இன்றும் எங்கள் இரண்டு பேரையும் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள்.

டெய்சி இப்போது இல்லை. யுத்தம் முடிந்துவிட்டது என்கிறார்கள், அவிசாவளையில் பஸ்ஸை நிறுத்துவதும் குறைந்திருக்கிறது. என் காது திரும்பி வரவில்லை. மற்றவர்கள் யோசிக்காமல் நிற்கிறார்கள், நான் யோசித்து நிற்கிறேன். குழாயடியில் முகம் கழுவும்போது ஒரு கை சுவரில் இருக்கும். உங்களுக்கும் அப்படி இருந்தால் வெட்கப்படாதீர்கள். சுவரைப் பிடியுங்கள்.

நாங்கள் ஒரு நாளை மூன்று நிறுவையாகப் பிரித்துப் பழகியவர்கள்: காலைக் கொழுந்து, பகல் கொழுந்து, அந்திக் கொழுந்து. என் மகளின் வயதையும் நான் அப்படித்தான் எண்ணுகிறேன். காலைக் கொழுந்தின் பாரத்தில் அவளைக் கொடுத்தேன். அந்திக் கொழுந்தின் பாரத்தில் திரும்ப வாங்கினேன். பகல் கொழுந்தை வேறொருத்தி முதுகு சுமந்தது. அந்தப் பாரம் எப்படியிருந்திருக்கும் என்று எனக்குக் கடைசிவரை தெரியப்போவதில்லை.

தேவிகா இப்போது என்னைவிட உயரம். லயத்துக்குக் கரண்ட் வந்துவிட்டது, மழை பெய்தால் போய்விடும். இருட்டியதும் நான் நின்ற இடத்திலேயே நிற்பேன். அவள் எதுவும் கேட்க மாட்டாள். பின்னால் வந்து, என் உச்சந்தலையில் கையை வைத்து லேசாக இழுத்துப் பிடிப்பாள். அப்படியே இருவரும் லாம்பு இருக்கும் இடத்துக்கு நடப்போம்.